எந்திரங்களின் மூளை – 9: ஒரு பிட் ஞாபகம்

சென்ற வாரம் பார்த்த ஸ்கேன் சுழற்சியை இங்கே மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி. உள்ளீடுகளைப் படிக்கிறது, லேடர் நிரலின் வரிகளை, அதாவது ரங்குகளை, மேலிருந்து கீழாக ஓட்டுகிறது, வெளியீடுகளை எழுதுகிறது; உடனே மறுசுற்று. ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஆபரேட்டர் 200 மில்லி விநாடி அழுத்திய பட்டனை நிரல் ஏறக்குறைய 20 தடவை ‘ஆன்’ என்று பார்க்கும். அந்தப் பட்டன் உள்ள ரங்கின் முடிவில் விளக்குக்கான காயில் (வெளியீட்டுக் கட்டளை) இருந்தால் தொந்தரவில்லை. எத்தனை முறை ‘எரி’ என்றாலும் எரியப்போவது ஒரே விளக்கு. ஒன்றைக் கூட்டும் ‘ஆட்’ கட்டளை இருந்தால்தான் வம்பு: ஒரு அழுத்தலுக்குக் கணக்கில் 20 ஏறிவிடும். இதற்கு மருந்துதான் ஒன்-ஷாட் என்னும் கட்டளை. ஆலன்-பிராட்லியில் ஓ.என்.எஸ்., மிட்சுபிஷியில் பி.எல்.எஸ்., ஐ.இ.சி. 61131-3 தரத்தில் ஆர்_டிரிக். ஆஃப் ஆக இருந்தது ஆன் ஆகும் அந்த ஒரு ஸ்கேனில் மட்டும் வழிவிட்டு, பிறகு மூடிக்கொள்ளும்.

ஆஃப் ஆக இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? போன ஸ்கேனின் நிலையை ஒரு பிட்டில் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே ஒன்-ஷாட்டை ஒரு ஞாபகமாக நடத்த வேண்டும் என்பது என் வாதம். அதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை. ஒரே பிட்டை இரண்டு ரங்குகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். முதல் ரங்கின் பட்டன் அழுத்தியபடியே இருக்கிறது, பிட் 1 ஆகிறது. கீழே இரண்டாவது பட்டன் ஆஃப், அது அதே பிட்டை 0 ஆக்குகிறது. அடுத்த ஸ்கேனில் முதல் ரங் புது அழுத்தல் வந்ததாக நம்பி மறுபடி சுடும். இரண்டாவது பட்டனை அப்போது அழுத்தினாலோ, பிட் ஏற்கெனவே 1. அது சுடவே சுடாது. நிபந்தனையோடு அழைக்கப்படும் சப்ரூட்டினுக்குள் ஒன்-ஷாட்டை வைப்பதும் இதே ரகம். அழைப்பு நின்றிருக்கும் நேரத்தில் பட்டனை விட்டு மறுபடி அழுத்தினால், பழைய 1 அப்படியே கிடப்பதால் அந்த அழுத்தல் தொலைந்துபோகும்.

இந்த ஞாபகத்தை இரண்டு ரங்குகளில் நாமே எழுதிவிடலாமே, தனிக் கட்டளை எதற்கு என்பார்கள். எழுதலாம்தான்; ஆனால் நினைவுப் பிட்டை எழுதும் ரங் கீழே வர வேண்டும், மேலே வைத்தால் அந்த ஒரு ஸ்கேன் துடிப்பே பிறக்காது. தவிர, ஆலன்-பிராட்லியின் லாஜிக்ஸ் வகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ரன் நிலைக்கு வரும்போது ஓ.என்.எஸ். பிட்டை முன்கூட்டியே 1 ஆக்கிவிடுகின்றன. அதனால் ஏற்கெனவே ஆனில் இருக்கும் சென்சார் பொய்யாகச் சுடுவதில்லை. கையால் எழுதியதில் அந்தக் காவலையும் நாமேதான் போட வேண்டும். எண்ணுவதற்கு சி.டி.யு. கவுண்டரே போதும், அதற்குள்ளேயே இந்த ஞாபகம் உண்டு என்ற மறுப்பை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணுவதைத் தாண்டி, ஒரு அழுத்தலுக்கு ஒரே முறை நடக்க வேண்டிய வேறு வேலைகளுக்குக் கவுண்டர் நேரடியாக உதவாது. நேர்மாறாக, மோட்டாரின் ஸ்டார்ட் ரங்கில் பழக்கதோஷத்தில் ஒன்-ஷாட் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு ஸ்கேனில் இன்டர்லாக் (ஓட அனுமதிக்கும் நிபந்தனை) தயாராக இல்லாவிட்டால் துடிப்பு வீணாகும். ஆபரேட்டர் பட்டனை அழுத்திக்கொண்டே நின்றாலும், அடுத்த நொடியில் இன்டர்லாக் சரியானாலும், மோட்டார் ஓடாது.