பீரோ மேல் வைத்தால் சிக்னல் வருமா?

மும்பை கோட்டைப் பகுதியில் ஒரு ஏற்றுமதி ஆபீஸ். வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டிடம். நம்மவர்கள் நாலு பேர் அங்கே குமாஸ்தா வேலை பார்க்கிறார்கள். அதில் நெல்லைக்காரர் ஒருவருக்குக் கடைசி மூலையில் மேஜை. மூன்று மாதமாக அவருக்கு "மந்தமான ஆள்" என்று பெயர். பில் தயாராக இருக்கும், அனுப்பினால் போகாது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"என் கை மந்தமில்லை தம்பி, வைஃபைதான் மந்தம். ஒருநாள் வந்து பாருங்க" என்றார்.

எனக்குத் தெரிந்தது ரெயில்வே லெட்ஜர். ஆகவே தாராவியில் இருந்து, கேபிள் இழுக்கும் தம்பி ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

பெட்டி எங்கே?

வைஃபை பெட்டி மேனேஜர் அறையில் இருந்தது. இரும்பு பீரோ மேலே, பைல் கட்டுகளுக்குப் பின்னால்! போன் லைன் அங்கேதான் வருகிறது என்பதால் வைத்துவிட்டுப் போனார்களாம். பெரும்பாலான ஆபீஸ்களில் இதே கதைதான்.

வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பில் பட்டால் திரும்பிவிடும். கல் சுவரும் காங்கிரீட்டும் அதை விழுங்கும். தண்ணீரும் விழுங்கும், குடிதண்ணீர் கேன்களை அடுக்கிய இடம் கூட ஒரு சுவர்தான். மனித உடம்பும் அப்படியே. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலி ஆபீசில் சோதித்துப் பயன் இல்லை. ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, கதவைச் சாத்திவிட்டுப் பார்க்க வேண்டும்.

நடந்து பார்த்தோம்

தம்பி செல்போனில் சிக்னல் அளக்கும் ஆப்பைத் திறந்து மேஜை மேஜையாக நடந்தார். இதில் எண்கள் மைனசில் வரும். எண் பெரிதானால் சிக்னல் சிறிது. ஆபீஸ் வேலைக்கு மைனஸ் 67 இருந்தால் நல்லது. மேனேஜர் நாற்காலியில் மைனஸ் 45. நம் நண்பர் மேஜையில் மைனஸ் 84!

"17 வித்தியாசம்தானே" என்றேன். தம்பி சிரித்தார். 3 குறைந்தாலே பலம் பாதியாகிவிடுமாம். அந்தக் கணக்கில், 67 உள்ள இடத்தில் கிடைப்பதில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூலை மேஜைக்கு வருகிறது. இதை வைத்துக்கொண்டுதான் மனிதர் திட்டு வாங்கியிருக்கிறார்.

ஹால் நடுவே, கூரையில் மாட்டும் பெட்டி என்று முடிவாயிற்று. போலிக் கூரைக்கு மேலே ஒளித்து வைக்கக் கூடாது. கீழே தெரியும்படி மாட்ட வேண்டும். தனி பிளக் வேண்டாம். இணையக் கேபிளிலேயே மின்சாரமும் போகும். 100 மீட்டர் வரை இழுக்கலாம்.

ஹால் வளைந்து ரெக்கார்டு ரூம் பக்கம் போவதால் அங்கே இன்னொரு பெட்டி. இரண்டு என்றால் இன்னும் ஒரு விஷயம் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றுதான்: 1, 6, 11. பக்கத்துப் பெட்டிகளை ஒரே பாதையில் விட்டால், ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும். லைன் கிளியர் கிடைக்காத ரெயில் மாதிரி. 5 கிகாஹெர்ட்சில் பாதைகள் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் சுவர் தாண்டிப் போகும் சக்தி குறைவு.

பெட்டியின் பலத்தை முழுதாக ஏற்றினால் தீருமே என்று கேட்டேன். தீராதாம். பெட்டி கத்தினால் செல்போனுக்குக் கேட்கும். செல்போன் பதில் சொல்வது பெட்டிக்குக் கேட்க வேண்டாமா?

மேனேஜர் முதலில் மறுத்தார். தன் அறை சிக்னல் குறையும் என்றார். குறைந்தது; மைனஸ் 58 ஆயிற்று. வேலைக்கு அது தாராளம். மூலை மேஜையில் இப்போது மைனஸ் 61.

நண்பர் மாலை 6 மணிக்கெல்லாம் அம்பர்நாத் லோக்கல் பிடிக்கிறார். "மந்தம்" என்று பைலில் எழுதியதைத்தான் மேனேஜர் இன்னும் அடிக்கவில்லை. அளந்த எண்களைப் போட்டு, அதற்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.