மாரடைப்புக்குப் பிறகு சைக்கிள் மிதிக்கலாமா?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி நாளங்களில் ஒன்று திடீரென அடைபட, அதை நம்பியிருந்த தசை ஆக்சிஜன் கிடைக்காமல் சாகத் தொடங்குவதே மாரடைப்பு. அடைப்பு எவ்வளவு சீக்கிரம் நீங்குகிறதோ அவ்வளவு தசை பிழைக்கும். பிழைக்காத இடத்தில் தழும்பு விழும். அந்தத் தழும்பு உறுதிப்பட ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பழையபடி சைக்கிள் மிதிக்கலாமா என்ற கேள்விக்கான பதில், எவ்வளவு தசை மிஞ்சியிருக்கிறது, தழும்பு எந்த அளவுக்கு ஆறியிருக்கிறது, மற்ற நாளங்களில் அடைப்பு பாக்கி இருக்கிறதா என்பவற்றைப் பொறுத்தது. வயதைப் பார்த்தோ, ஆள் தெம்பாகத் தெரிகிறாரா என்பதைப் பார்த்தோ அதை முடிவு செய்ய முடியாது.

திருவண்ணாமலையில் இது பொழுதுபோக்கு பற்றிய கேள்வி மட்டுமல்ல. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பால் கேனோடும் பூக்கூடையோடும் காய்கறி மூட்டையோடும் ஊருக்குள் வருகிறவர்களில் பலருக்கு இன்னும் சைக்கிள்தான் வண்டி. மலையைச் சுற்றிப்போகும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடியற்காலையில் உடம்புக்காக மிதிப்பவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சுவலி வந்து, வேலூரிலோ புதுச்சேரியிலோ ஆஞ்சியோ செய்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவரிடம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது, "இனிமே சைக்கிளைத் தொடாதீங்க" என்பதுதான். அக்கறையில் வரும் பேச்சு அது. ஆனால் மருத்துவ உலகம் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளத் தொடங்கி எழுபது ஆண்டுகளாகிவிட்டன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் படுக்கையை விட்டு எழவிடாமல் வைத்திருந்தார்கள். சாப்பாடுகூட ஊட்டிவிடப்பட்டது. அசைந்தால் தழும்பு கிழியும் என்பது பயம். நடந்ததோ வேறு. கால் நாளங்களில் ரத்தம் உறைந்தது, நுரையீரலில் சளி கட்டியது, கை கால் சதை வற்றியது. 1952-இல் அமெரிக்க மருத்துவர்கள் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்தால் அவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று எழுதினார்கள். 1955 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கு ஆலோசனை சொன்ன இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட், படிப்படியாக நடமாடி வேலைக்குத் திரும்பலாம் என்று நாடறியச் சொன்னார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஐசனோவர் மீண்டும் வென்றார். ஒயிட் தாமே சைக்கிள் பிரியர். இதயத்துக்குச் சைக்கிள் நல்லது என்று மேடைதோறும் பேசியவர். பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரையோரச் சைக்கிள் பாதைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

இதய மறுவாழ்வுப் பயிற்சிக் கூடங்களில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் முக்கியக் கருவியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. உடம்பின் எடையைச் சீட் தாங்குவதால் முழங்காலுக்கு வேலை குறைவு. தொடைச் சதை பெரிது, சீராக இயங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுமையை அளந்து கூட்டலாம், குறைக்கலாம். முதலில் சுமையே இல்லாமல் ஐந்து நிமிடம், பிறகு கொஞ்சம் கூட்டிப் பத்து நிமிடம் என்று போவார்கள். சாலையில் ஓடும் சைக்கிளில் இந்த அளவு நம் கையில் இல்லை. எதிர்காற்று, மேடு, பின்னால் ஹாரன் அடிக்கும் பேருந்து எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே சாலைக்கு வருவது கடைசிப் படியாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டு பரிசோதனைகள் பார்ப்பார்கள். ஒன்று எக்கோ. நம் ஊரில் "பம்பிங் எவ்வளவு?" என்று கேட்பது இதில் வரும் எண்ணைத்தான். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதை அது காட்டும். ஆரோக்கியமான இதயத்தில் 55-க்கு மேல் இருக்கும். 40-க்குக் கீழே போனால் தனிக் கவனம் தேவை. ஆனாலும் கண்காணிப்போடு பயிற்சி செய்யலாம். மற்றொன்று டி.எம்.டி., அதாவது ஓடுபட்டையில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுப்பது. வழக்கமாகப் பின்பற்றும் புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும். முதல் கட்டம் ஏறக்குறைய 5 மெட், இரண்டாவது 7, மூன்றாவது 10. ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி.

இந்த மெட் கணக்கு சைக்கிளுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. சமதரையில் மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் குறைவாக மிதித்தால் ஏறக்குறைய 4 மெட் ஆகும். 16-லிருந்து 19 வரை போனால் 6, 7 என்று ஏறும். 20-ஐத் தாண்டினால் 8. வேகம் கொஞ்சம் கூடினாலே இப்படி எகிறுவதற்குக் காரணம் காற்று. வேகம் இரட்டிப்பானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். டி.எம்.டி.யில் இரண்டாம் கட்டத்தை வலியில்லாமல் முடித்த ஒருவருக்கு நிதானமாக மிதிப்பது சுலபமான வேலை. அதே ஆள் எதிர்காற்றில் வேகமாகப் போனால் பரிசோதனையில் தாண்டாத எல்லையைச் சாலையில் தாண்டிவிடுவார்.

எப்போது தொடங்கலாம்? அடைப்பு நேரத்தோடு நீக்கப்பட்டு, ஸ்டென்ட் வைத்து, சிக்கல் எதுவும் இல்லாதவர் முதல் வாரத்திலேயே வீட்டுக்குள் நடக்க ஆரம்பிப்பார். நான்கு முதல் ஆறு வாரத்தில் பரிசோதனை முடித்துச் சைக்கிளை எடுப்பது பெரும்பாலும் நடக்கக்கூடியது. பைபாஸ் செய்தவர் பொறுக்க வேண்டும். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர மூன்று மாதம் வரை ஆகும். ஹேண்டில்பாரில் சாய்ந்து, ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்ச்சியையும் நெஞ்சில் வாங்குவது அந்த எலும்புக்கு ஆகாது. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தவர்கள் அந்தக் கையால் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கச் சில நாட்களாவது பொறுக்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறவர், துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர், காலில் நீர் கோத்து மூச்சு வாங்குகிறவர், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர் ஆகியோர் மருத்துவர் சரிசெய்யும்வரை சைக்கிளைத் தொடவே கூடாது.

மாத்திரைகளைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மெட்டோப்ரோலால் போன்றவை நாடித் துடிப்பைக் கட்டிப்போடும். 220-இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடும் முறை, இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொருந்தாது. கைக்கடிகாரம் 100 காட்டுகிறதே, இன்னும் வேகமாகப் போகலாமே என்று நினைப்பது ஆபத்து. மிதிக்கும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா என்று பார்ப்பதே எளிய அளவு. பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஏறக்குறைய ஓராண்டு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் சாப்பிடுவார்கள். இவை ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் காப்பவை. நாமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் கீழே விழுந்தால் ரத்தம் நிற்கத் தாமதமாகும். தலையில் அடிபட்டால் மூளையில் கசிவு ஏற்படும் அபாயம் கூடும். சைக்கிளுக்கு எதற்கு ஹெல்மெட் என்று கேட்கும் ஊரில், இவர்களாவது ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் மிதித்தால் உடம்பில் நீர் வற்றித் தலைசுற்றும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தொடும் ஊர் இது. காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மார்கழிப் பனியில் அதற்கு நேர்மாறு. குளிர்காற்று நாளங்களைச் சுருக்கும் என்பதால் கொஞ்சம் வெளிச்சம் வந்தபிறகு கிளம்புவது நல்லது.

கிரிவலப் பாதை பெரும்பாலும் சமதரை என்பதால் இதற்குத் தோதானது. ஆனால் வட்டப்பாதைக்கு ஒரு குணம் உண்டு. செங்கம் சாலை பிரியும் இடத்தைத் தாண்டி ஆதி அண்ணாமலை வரை போய்விட்டால் முன்னால் போனாலும் பின்னால் திரும்பினாலும் கிட்டத்தட்ட பாதி வட்டம் பாக்கி இருக்கும். அங்கே களைத்துப்போனால் குறுக்கு வழி கிடையாது. முதல் வாரங்களில் வட்டமடிக்காமல் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்புவது, உடம்பு ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் அதை ஒன்றரையாக்குவது என்று போகலாம். முதல் ஐந்து, பத்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக மிதிக்க வேண்டும். சடாரென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும். ஈசான்ய லிங்கம் தாண்டி ஊருக்குள் வரும் நெரிசலையும் பௌர்ணமி நாட்களையும் தவிர்ப்பதே சரி. குறுக்கே பாயும் நாய்கள் இந்தப் பாதையில் சாதாரணம். அவற்றுக்காக வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும்.

பிழைப்புக்குச் சைக்கிள் மிதிக்கிறவர் நிலைமைதான் கடினம். அவருக்கு வாரத்துக்கு அரை கிலோமீட்டர் கூட்டும் வசதி இல்லை. கனமான இரும்புச் சைக்கிள், கியர் கிடையாது, கேரியரில் 20 லிட்டர் தண்ணீர் கேனோ அரிசி மூட்டையோ இருக்கும். பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, ஹேண்டில்பாரை இறுக்குகிறார். அந்த நொடியில் ரத்த அழுத்தம் சர்ரென்று ஏறும். ஆறிக்கொண்டிருக்கும் இதயத்துக்குக் கெடுதல் செய்வது சைக்கிளைவிட இந்தப் பாரமும் மூச்சுப் பிடிப்பும்தான். அவர் சில வாரம் வெறும் சைக்கிள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பாரத்தைப் பாதி பாதியாக இரண்டு நடையில் கொண்டுபோக வேண்டும். மேட்டில் இறங்கித் தள்ளுவதும் உழைப்புதான், அங்கே இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். வீட்டார் "தொடாதே" என்று தடுப்பதைவிட அவர் தேறும்வரை வருமானத்துக்கு வழி பார்ப்பது அவருக்கு உண்மையான உதவி.

பயம் இன்னொரு நோய். மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நெஞ்சில் சின்னதாகச் சுருக்கென்றாலும் மறுபடி வந்துவிட்டதோ என்று நடுங்கி, திண்ணையோடு முடங்கிவிடுகிறவர்கள் உண்டு. பயிற்சியோடு கூடிய மறுவாழ்வுத் திட்டங்கள் இதயநோய் மரணங்களைக் குறைப்பதாக உலகளாவிய ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான யோகா-கேர் ஆய்வில், மூன்று மாதத்தில் 13 வகுப்புகள் நடத்திப் பார்த்தார்கள். மரணம் குறைந்ததாக அதில் உறுதிப்படவில்லை. ஆனால் யோகா கற்றவர்கள் மாரடைப்புக்கு முன் செய்துவந்த வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள், உடல்நலம் மேம்பட்டதாகவும் சொன்னார்கள்.

மிதிக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, திடீரென வியர்த்துக் கொட்டினாலோ உடனே இறங்கி உட்கார வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். மருத்துவர் சார்பிட்ரேட் எழுதிக்கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடியே நாக்குக்கடியில் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். வீடு பக்கம்தானே என்று மிதித்துப் போகக் கூடாது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8 என முதல் தவணையாக 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தயாராக வைக்கப்படுகின்றன. தினமும் போகும் வழியில் அந்த நிலையம் எங்கே இருக்கிறது என்று வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரை வரிசை இருக்கும், உணவுக் கட்டுப்பாடு இருக்கும். எத்தனை நிமிடம், எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தோடு சைக்கிள் மிதிக்கலாம் என்பது பெரும்பாலும் இருக்காது. அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது அதைக் கேட்டு, அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.