சிவப்பு பேனாவைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்!

'பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நான்கு கால்கள் உண்டு.' மூன்றாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால், நாற்பது நோட்டிலும் இதே பசுதான் நிற்கும். நேற்று தெருவில் துரத்திய மாட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது.

சொல்ல விஷயமா இல்லை? ஸ்கூல் விட்டு வந்ததும் மூச்சுவிடாமல் கதை அளக்கும் வாண்டுதான், பென்சிலைக் கையில் கொடுத்தால் 'என்னம்மா எழுதணும்?' என்று விழிக்கிறது. ஒரே தடவையில், பிழையில்லாமல் வந்துவிட வேண்டும் என்ற பயம்!

எந்த எழுத்தாளரும் அப்படி எழுதுவதில்லை. 1954-ல் புலிட்சர் பரிசு வாங்கிய அமெரிக்கப் பத்திரிகையாளர் டொனால்ட் மர்ரே, பிறகு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். எழுதி முடித்ததைத் திருத்துவதைவிட, எழுதும் வழியைக் கற்றுக்கொடுங்கள் என்று 1972-லேயே வாதாடினார். அங்கிருந்த டொனால்ட் கிரேவ்ஸ், 1978 முதல் இரண்டு வருடம் தன் குழுவோடு ஓர் ஆரம்பப் பள்ளியில் உட்கார்ந்து, குழந்தைகள் எழுதுவதைக் கவனித்தார். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளும் தாங்களே விஷயம் தேர்ந்தெடுத்து, எழுதியதை மாற்றி எழுதினார்கள். அதை வைத்து அவர் எழுதிய புத்தகம் 1983-ல் வந்தது.

வீட்டில் எப்படி? 'ஆயா வீட்டுக்குப் போனேன். ஜாலியா இருந்தது' என்று குழந்தை எழுதினால், 'ஜாலி'க்கு அடியில் கோடு போடாதீர்கள். வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, 'அங்கே எதுடா ஜாலி?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'கிணத்துல பெரிய தவளை!' என்று பதில் வரும். 'அதையும் எழுது.' அவ்வளவுதான். மூன்றாவது வரி கிடைத்துவிட்டது.

பிழை திருத்தம் கடைசியில். அதுவும் இன்றைக்கு ல, ள, ழ மட்டும். ஒற்றுப்பிழை இன்னொரு நாள். (ஒற்று பெரியவர்களுக்கே தகராறுதான்!) அதற்காக, எழுத்துக்கூட்டவே திணறும் குழந்தையை 'உன் இஷ்டத்துக்கு எழுது' என்று விடுவதும் சரியல்ல. அதற்கு எழுத்தும் சொல்லும் தனியாக, பொறுமையாகச் சொல்லித்தர வேண்டும்.

பரீட்சையில் மார்க் என்னவோ மனப்பாடப் பசுவுக்குத்தான். நாற்பது நோட்டு திருத்தும் டீச்சரையும் குறை சொல்ல முடியாது. வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள், பத்து நிமிடம் ஒதுக்கலாமே? அடித்து எழுதிய தாளைக் கிழிக்க வேண்டாம். மாதம் ஒன்றை மட்டும் சுத்தமாக எழுதச் சொல்லி, ஊரில் இருக்கும் ஆயாவுக்குத் தபாலில் போடுங்கள்.