ஒரு 'சொரி'யின் விலை

என்னுடைய காரில் வந்து இடித்தவரிடம் முதலில் "சொரி" சொன்னது நான்தான்.

கடந்த வருடம் நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து மகளை ஏற்றிக்கொண்டு கெண்டன் றோட்டால் ஹரோப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். நாலரைக்கே இருட்டிவிட்டது. தூறல் மழை வேறு. சிவப்பு லைற்றில் நிற்கும்போது பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு வெள்ளை வான். என்னுடைய பம்பரில் ஒரு வெடிப்பு. அவருடைய வானில் ஒரு கீறல். அவ்வளவுதான்.

வான்காரர் இறங்கி வரமுன்னமே என் வாயிலிருந்து "சொரி, சொரி" என்று வந்துவிட்டது. ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது. இருபத்திமூன்று வருடமாக இந்த ஊரில் ரயிலில் காலை மிதித்தவருக்கும் நாங்கள்தானே சொரி சொல்லுகிறோம். அந்தப் பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் நல்ல மனிசன் மாதிரித்தான் கதைத்தார். "சின்ன விசயம், இன்சூரன்ஸுக்குப் போனால் இரண்டு பேருக்கும் பிரீமியம் கூடும். நூற்றைம்பது பவுண்ஸ் தாறன், இரண்டு கிழமை பொறுங்கள்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊரில் இப்படித்தானே? சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் முட்டுப்பட்டால் நாலு பேர் கூடுவார்கள், ஒரு பெரியவர் "சரி, சமாதானமாப் போங்கோ" என்பார், கையில் காசு மாறும், அலுவல் முடிந்தது. அவருடைய போன் நம்பரை ஒரு பெற்றோல் ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்து எடுத்தேன், பதில் இல்லை. மூன்றாவது கிழமை என்னுடைய காப்புறுதி நிறுவனத்திடம் இருந்து கடிதம் வந்தது. நான் லைற்றில் நின்றபோது என் கார் பின்னால் உருண்டு போய் அவருடைய வானில் இடித்ததாம். அந்த இடத்திலேயே நான் மன்னிப்புக் கேட்டேனாம். வானில் இருந்த இரண்டு பேருக்கும் கழுத்து நோவாம்.

இரண்டு பேர்! வானில் ஒரு ஆள்தான் இருந்தார்.

அடுத்த நாலு மாதமும் எப்படிப் போனது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். போனை எடுத்தால் நாற்பது நிமிடம் பாட்டு. பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஆள், ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து கதை. அதோடு எங்களுடைய பெயர்ப் பிரச்சினை. லைசென்ஸில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, காப்புறுதிப் பத்திரத்தில் என் பெயர் முன்னுக்கு. "நீங்கள் இரண்டு பேரா, ஒருவரா?" என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடிக்க லைன் கட்டாகிவிடும். வேலை இடத்தில் ஆங்கிலம் தடங்கல் இல்லாமல் கதைக்கிற எனக்கு, "ஏன் உடனே அறிவிக்கவில்லை?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது வாய் கட்டிப்போனது. கடைசியில் மகள் போனை வாங்கினாள். பதினேழு வயது. "அப்பா, நீங்க இருங்கோ, நான் கதைக்கிறன்."

அவள்தான் ஒவ்வொன்றாகத் தேடி எனக்கு விளங்கப்படுத்தினாள். சிலவற்றை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

முதலாவது, அந்தச் 'சொரி'. 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இரண்டாவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: மன்னிப்புக் கேட்பது மட்டும் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது. இதை வாசித்த அன்றுதான் எனக்கு நித்திரை வந்தது. ஆனால் "என்னில்தான் பிழை" என்று சொன்னால் கதை வேறு. அதை எதிர்ப்பக்கம் சாட்சியமாகவே வைக்கும்.

இரண்டாவது, சமாதானம். 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி இன்னொருவருடைய வாகனத்துக்குச் சேதம் என்றால் நிற்க வேண்டும். பெயர், முகவரி, வாகன இலக்கம் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போனால் இயன்றளவு விரைவாக, 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். இது சட்டம். காப்புறுதி ஒப்பந்தம் அதற்கு மேலே. இழப்பீடு கேட்காவிட்டாலும் சம்பவத்தை அறிவிக்க வேண்டும் என்று பெரும்பாலான பத்திரங்களில் எழுதியிருக்கும். நாங்கள் கையில் காசை வாங்கிப் பேசாமல் இருந்தாலும் மற்றவர் பேசாமல் இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஏன் எங்கள் ஆட்கள் அறிவிக்கப் பயப்படுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மகன் ஓடுகிற காரை அப்பா ஓடுவதாகப் பதிந்திருப்போம். சாதாரண பாவனைக்கு எடுத்த காப்புறுதியில் பின்னேரம் சாப்பாடு டெலிவரி செய்வோம். இடிபட்டால் அது வெளியில் வந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அப்படி ஓடினால் காப்புறுதியே செல்லாமல் போகலாம். காப்புறுதி இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்ஸ் தண்டமும் லைசென்ஸில் ஆறு புள்ளிகளும். மிச்சம் பிடித்த காசு ஒரு 'டொக்' சத்தத்தில் போய்விடும்.

மூன்றாவது, உதவிக்கு வருகிறவர்கள். என்னுடைய கதை கோயிலில் பரவி இரண்டு நாளில் ஒரு போன் வந்தது. நல்ல தமிழ். "அண்ணை, யோசிக்காதேங்கோ. உங்களுக்கு ஃப்ரீயா ஒரு பெரிய கார் தாறம், உங்கட கார் திருத்துமட்டும் ஓடுங்கோ. கழுத்து நோ இருக்குத்தானே? பிள்ளைக்கும் இருக்கும். சைன் மட்டும் வையுங்கோ." நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டு அலுத்த காதுக்கு அந்தத் தமிழ் தேன்தான். பேனையை எடுத்தும்விட்டேன்.

அந்தக் கார் ஃப்ரீ இல்லை. அது கடனுக்கு வாடகை. நாள் வாடகை சாதாரண வாடகையைவிட எவ்வளவோ கூட. பிழை மற்றவரில் என்று முடிவானால் அந்தப் பில் எதிர்த்தரப்புக் காப்புறுதிக்குப் போகும். முடிவாகாவிட்டால், அல்லது பாதிப் பாதி என்றால்? கையெழுத்து வைத்தவர் பெயரில் அந்தக் கடன் நிற்கலாம். காசு வசதி இல்லாதவர் இப்படி எடுத்த வாடகையை மீளப் பெறலாம் என்று 2003இல் பிரபுக்கள் சபையே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே இது சட்டவிரோதம் அல்ல. உண்மையில் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் யாரில் பிழை என்றே தெரியாத நேரத்தில், வாசிக்காத பேப்பரில் வைக்கிற கையெழுத்து மிக ஆபத்தானது. இழப்பீட்டு முகவர்கள் 2019 ஏப்ரலில் இருந்து நிதி நடத்தை ஆணையத்தின் மேற்பார்வையில் இருக்கிறார்கள். விருப்பம் கேட்காமல் போன் எடுத்து ஆள் பிடிப்பதற்கு 2018இலிருந்தே தடை. என்னை எடுத்த தம்பிக்கு என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். லைன் கட்.

கழுத்து நோவுக்கு ஆயிரக்கணக்கில் வரும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2021 மே 31இலிருந்து அதற்கு அரசாங்கமே விலைப்பட்டியல் போட்டுவிட்டது. மூன்று மாதத்துக்குள் மாறுகிற நோவுக்கு 240 பவுண்ஸ் என்று தொடங்கியது, 2025 மே 31இலிருந்து ஏறத்தாழ 15 வீதம் கூட்டப்பட்டது. மருத்துவ அறிக்கை இல்லாமல் அந்த இழப்பீட்டைப் பேசித் தீர்க்கவும் முடியாது. உண்மையாக நோ என்றால் தாராளமாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. இல்லாத நோவைச் சொல்வதற்குப் பெயர் மோசடி. லண்டன் நகரப் பொலிஸில் இதற்கென்றே 2012இலிருந்து ஒரு பிரிவு இயங்குகிறது.

இனி என் வழக்குக்கு வருகிறேன். சாட்சியம் தேடி அந்தச் சந்தியில் இருந்த எங்கட ஆள் ஒருவரின் மளிகைக் கடைக்குப் போனேன். வாசலில் கமரா இருந்தது. "அண்ணை, இரண்டு கிழமைக்கு மேலே அதில நிக்காது. முதலே வந்திருக்கலாமே" என்றார். நான் போனது இருபத்தைந்தாவது நாள்.

கடைசியில் காப்பாற்றியது மகளின் போன். அன்றைக்கு வீட்டுக்குப் பிந்துகிறது என்று அம்மாவுக்குக் காட்ட ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "வான் ஒன்று பின்னால இடிச்சிட்டுது, எங்களுக்கு ஒண்டும் இல்லை." நேரத்தோடு இருந்தது. படத்தில் வானின் இலக்கத் தகடு. கண்ணாடிக்குள் சாரதிக்குப் பக்கத்து இருக்கை வெறுமை. இதை அனுப்பிய பிறகு அந்த இரண்டாவது கழுத்து நோக்காரர் காணாமல் போனார்.

ஆனால் யார் இடித்தது என்பதற்கு அந்தப் படம் போதவில்லை. மகள் என் காரில் இருந்தவள், சுயாதீனச் சாட்சி இல்லை என்றார்கள். பாதிப் பாதி என்று முடித்தார்கள். நான் சம்மதிக்கவில்லை என்றேன். வழக்கை எப்படித் தீர்ப்பது என்று முடிவெடுக்கும் உரிமை நிறுவனத்துக்கு என்று பத்திரத்தில் இருக்கிறது என்றார்கள். இருந்தது. நான்தான் வாசிக்கவில்லை.

எழுத்தில் முறைப்பாடு செய்தேன். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால், பதில் வந்து ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைதீர்ப்பாளர் சேவைக்குப் போகலாம், ஒரு சதமும் செலவில்லை. ஆனால் அவர்கள் விபத்தில் பிழை யாரில் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். நிறுவனம் நியாயமாக விசாரித்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். என் விடயத்தில் நிறுவனம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பியது. பாதிப் பாதி மாறவில்லை. ஆதாரத்தைக் கொடுக்காத நான் குறைதீர்ப்பாளரிடம் போய் எதைச் சொல்வது? அதோடு விட்டேன்.

கணக்குப் பார்த்தால், நான் கட்டிய 400 பவுண்ஸ் எக்ஸஸில் பாதிதான் திரும்பி வந்தது. புதுப்பிக்கும்போது பிரீமியம் கூடியது. இனிச் சில வருடங்களுக்கு எந்த நிறுவனத்திடம் போனாலும் இந்த விபத்தைச் சொல்ல வேண்டும்.

கோபம் வான்காரரில் இருந்தது, நிறுவனத்தில் இருந்தது. இப்போது யோசித்தால் பெரும்பகுதி என்னில்தான். இலங்கையில் காப்புறுதிக்காரர் சம்பவ இடத்துக்கே வந்து படம் எடுத்துப் போகிற வழக்கம் உண்டு. இங்கே ஒருவரும் வர மாட்டார்கள். முதல் பத்து நிமிடத்துக்கு அந்த ஆளும் நாங்கள்தான், சமாதானம் செய்கிற பெரியவரும் நாங்கள்தான், சாட்சியும் நாங்கள்தான். இரண்டு வாகனமும் தெரிய, இலக்கத் தகடு தெரிய, உள்ளே எத்தனை பேர் என்று தெரியப் படம் எடுக்க வேண்டும். பக்கத்துக் கடையில் அன்றைக்கே கமராவைக் கேட்க வேண்டும். அன்றைக்கே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் வெட்கப்படாமல் எழுத்தில் அனுப்பலாம். எழுதியது அழியாது.

மகள் போன மாதம் டிரைவிங் ரெஸ்ற் பாஸ் பண்ணிவிட்டாள். காப்புறுதி விலையைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர், "உன்ர பேரில எடுத்திட்டு அவளை ஓட விடு" என்றார். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் பெயரிலேயே எடுத்தோம். விலை நெஞ்சைப் பிடிக்க வைத்தது என்பது உண்மை.

சொரி சொல்லுங்கள், அதில் பிழையில்லை. சட்டமே சொல்கிறது. ஆனால் சொல்லும்போதே மற்றக் கையில் போனை எடுத்து ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.