சீழ் வடியும் காதும் காணாமல் போகும் எலும்பும்

வலி இல்லாததால், காதில் சீழ் வடிவதைப் பலர் நோயாகவே எண்ணுவதில்லை. பஞ்சை அடைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் நாற்றத்தோடு வடியும் சீழ் என்றால் காது மருத்துவருக்குச் சந்தேகம் வரும். உள்ளே கொலஸ்டியடோமா இருக்கலாம். பெயர்தான் புற்றுநோய் போல மிரட்டுகிறது. பொருள் வெறும் தோல். பெரும்பாலும் செவிப்பறை உள்வாங்கிப் பையாகிறது. உதிரும் தோல் செதில்கள் அதில் அடைந்துகொண்டே போக, அந்தப் பை சுற்றியுள்ள எலும்பைக் கரையான்போல அரிக்கத் தொடங்குகிறது.

அது இருக்கும் இடம்தான் ஆபத்து. நடுக்காதின் மெல்லிய எலும்புக் கூரைக்கு மேலே மூளை. உட்சுவரை ஒட்டி முகநரம்பு. பின்பக்கம், மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் பெரிய சிரை.

இந்த அரிப்பைப் படத்தில் காட்டுவது சி.டி. ஆரம்பத்தில் அதற்கு அவ்வளவு நுட்பம் இல்லை. 1971இல் லண்டன் விம்பிள்டனில் பொறியாளர் ஹவுன்ஸ்பீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தபோது, ஒரு படத்துண்டின் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். நடுக்காதில் சுமார் 3 மில்லிமீட்டரே உள்ள அங்கவடி எலும்பு அதில் தெரிய வழியே இல்லை. இன்று காதைப் பொதிந்திருக்கும் பொட்டெலும்பை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாகப் பார்க்க முடிகிறது.

அப்படியும் ஒரு சிக்கல். சி.டி.யில் காற்று கருப்பு, எலும்பு வெள்ளை. சீழ், சதை வளர்ச்சி, கொலஸ்டியடோமா எல்லாம் ஒரே சாம்பல். அந்தச் சாம்பலை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் கதிரியல் மருத்துவர் தேடுவது, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத எலும்பை. காதுக்குழாயின் உள்முனையில், செவிப்பறைக்கு மேலே கூராக இருக்கவேண்டிய எலும்பு விளிம்பு மழுங்கியிருக்கிறதா? நடுக்காதில் ஒலியைக் கடத்தும் பட்டடை எலும்பின் நீண்ட கால் எங்கே? பெரும்பாலும் முதலில் கரைவது அதுதான். கேட்கும் திறன் குறைவதும் அதனால்தான். சமநிலை காக்கும் அரைவட்டக் குழாயின் எலும்பு மூடியில் ஓட்டை விழுந்திருந்தால், காதை அழுத்தும்போது தலை சுற்றும்.

இதிலும் ஏமாற இடமுண்டு. சிலருக்கு முகநரம்பின் மேல் எலும்பு பிறவியிலேயே மூடியிருக்காது. மெல்லிய கூரையோ, நலமாக இருந்தும் படத்தில் ஓட்டைபோலத் தெரியும். படத்தை மட்டும் பார்த்துப் பயந்துவிடக்கூடாது.

சீழ் வடியும் காதோடு காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, முகம் கோணுதல் ஏதாவது சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது. மூளையில் சீழ்க்கட்டியோ சிரையில் இரத்த உறைவோ இருக்கிறதா என்று பார்க்க, இரத்தக் குழாயில் நிறமூட்டும் மருந்து ஏற்றி சி.டி. எடுப்பார்கள். சீழ்க்கட்டியின் விளிம்பு வளையமாக ஒளிரும். உறைந்த சிரை நடுவில் நிறமேறாமல் நிற்கும்.

அறுவைக்குப் பிறகு கொலஸ்டியடோமா மறுபடி முளைத்திருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் எம்.ஆர்.ஐ.யே மேல். அதில் ஒரு தனி முறை, சி.டி.க்குச் சாம்பலாகவே தெரிந்த செதில் குவியலை வெள்ளையாகப் பிரித்துக் காட்டிவிடும்.