தொட்டுப் பார்க்கலாம், சறுக்கியும் விளையாடலாம்

ஐம்பதடி உயரத்தில் ஒரு முகம். கண் சிமிட்டுகிறது, லேசாகப் புன்னகைக்கிறது. கீழே சொட்டச் சொட்ட நனைந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். சில நிமிடங்களுக்கு ஒன்றுமே நடப்பதில்லை. பிறகு அந்த முகம் உதட்டைக் குவிக்கிறது. உடனே கூச்சல் கிளம்புகிறது. குவித்த வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்து நேராகப் பிள்ளைகளின் தலையில் விழுகிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில், மில்லேனியம் பூங்காவில் இருக்கும் கிரௌன் நீரூற்று இது. ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஜௌமே பிளென்சாவின் படைப்பு, 2004-இல் திறக்கப்பட்டது. கண்ணாடிக் கட்டிகளால் எழுப்பிய இரண்டு கோபுரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. நடுவே கறுப்பு கிரானைட் தரை. அதில் உள்ளங்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கும். கைக்குழந்தை தவழ்ந்தாலும் பயமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள எல்.இ.டி. விளக்குகள் முகங்களைக் காட்டுகின்றன. சுமார் ஆயிரம் முகங்கள். எல்லாம் அந்த ஊர்க்காரர்களுடையவை. தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரின் வாயும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்பதால், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நாற்காலியில் அவர்களை உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். ஐரோப்பாவின் பழைய கட்டடங்களில் மழைநீர் வடிவதற்கு விலங்குமுகத் தூம்புகளைச் செதுக்கியிருப்பார்கள். பிளென்சா எடுத்துக்கொண்டது அந்த மரபைத்தான். நம் கோயில்களின் கோமுகியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

குழந்தைகளைக் கலைப்படைப்புகளைப் பார்க்க அழைத்துப் போகும் பெற்றோருக்கு வழக்கமாக ஒரு பதற்றம் இருக்கும். தொடாதே, ஓடாதே, சத்தம் போடாதே. சிகாகோ நகர மையத்தில் அதற்கு அவ்வளவாக வேலையில்லை. அங்குள்ள பெரிய படைப்புகள் உடம்பால் பார்க்க வேண்டியவை. பெரியவர்கள் செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படைப்பைச் சரியாகப் பயன்படுத்துபவர்கள் பிள்ளைகள்தான்.

நீரூற்றிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ‘கிளவுட் கேட்’. மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்தது. ஊர்க்காரர்கள் அதன் வடிவத்தைப் பார்த்து ‘பீன்’, அதாவது அவரைக்கொட்டை, என்று பெயர் வைத்துவிட்டார்கள். கபூருக்கு முதலில் அது பிடிக்கவில்லை, யார் கேட்டார்கள்? உயரம் 33 அடி, நீளம் 66 அடி, எடை 110 டன். 168 துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, ஒட்டுத் தெரியாமல் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். 2004-இல் பூங்கா திறந்தபோது ஒட்டுகள் தெரிந்துகொண்டிருந்தன. தேய்க்கும் வேலை அதன் பிறகும் நீண்டு, 2006-இல்தான் முறையாகத் திறப்பு விழா நடந்தது. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குகிற உலோகம் என்பதால், வெளித்தோல் உள்ளிருக்கும் சட்டத்தோடு இறுகப் பூட்டப்படாமல், நெகிழும் இணைப்புகளால் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது.

நடுவில் 12 அடி உயர வளைவு. அதற்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தால், கூரை தொப்புள் மாதிரி உள்வாங்கி மேலே போகிறது. ஒரே பையன் அதில் நாலைந்தாகத் தெரிகிறான். ஒருவன் தலைகீழாக, ஒருவன் இழுத்துவிட்ட ரப்பர் மாதிரி. தன் உருவத்தைத் தேடி, கையை ஆட்டி, கடைசியில் தரையில் மல்லாந்து படுத்துவிடும் பிள்ளைகளை அங்கே எப்போதும் பார்க்கலாம். ஒளிப்பிரதிபலிப்புப் பாடம் எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். படுக்க விட்டுவிடுவதே நல்லது.

கைபட்டு அழுக்காகாதா? ஆகும். அதனால் கீழ்ப்பகுதி ஆறடியை நாளுக்கு இருமுறை கையால் துடைக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை சோப்புத் திரவம் கொண்டு முழுக் குளியல். தொடக் கூடாது என்று வேலி போடாமல் துடைப்பதற்கு ஆள் போட்டது நல்ல முடிவு.

பக்கத்திலேயே சிகாகோ கலைக்கழகம். 1893-இல் விவேகானந்தர் உரையாற்றியது அந்தக் கட்டடத்தில்தான் என்பதால், அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ்நாட்டுப் பெற்றோர் அங்கும் எட்டிப்பார்ப்பதுண்டு. பேரக்குழந்தைகள் அதற்குள் நீரூற்றுக்குத் திரும்ப இழுப்பார்கள்.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால், ஃபெடரல் பிளாசாவில் அலெக்சாண்டர் கால்டரின் ‘ஃபிளமிங்கோ’ இருக்கிறது. 53 அடி உயரச் சிவப்பு எஃகு, 1974-இல் வந்தது. அதன் கால்களுக்கிடையே புகுந்து ஓடலாம். ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்தது டேலி பிளாசாவில் உள்ள பிக்காசோவின் சிற்பம்தான். 1967-இல் திரை விலக்கியபோது ஊரே குழம்பியது. பெண்ணா, நாயா, குரங்கா? பிக்காசோ கடைசிவரை சொல்லவில்லை. கொடுக்க முன்வந்த ஒரு லட்சம் டாலரையும் வாங்காமல் நகருக்கு அன்பளிப்பாகத் தந்துவிட்டார். இதை எடுத்துவிட்டுப் பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வைக்கலாம் என்று நகர மன்ற உறுப்பினர் ஒருவர் சொல்லிப் பார்த்தார்.

சிற்பத்தின் அடிப்பகுதி சரிவாக இருக்கும். பல தலைமுறைகளாகப் பிள்ளைகள் அதில் ஏறிச் சறுக்கி விளையாடுகிறார்கள். போகிறவர்கள் கோடையில் போவது நல்லது. குளிர்காலத்தில் கிரௌன் நீரூற்றில் முகங்கள் மட்டும் தெரியும், தண்ணீர் வராது. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. துண்டும் மாற்றுடையும் கட்டாயம் வேண்டும், பெரியவர்களுக்கும் சேர்த்து.