சங்கக் கணிப்பொறியின் திறவுசொல் தொலைந்தால்

கூட்டுறவுச் சங்கத்திற்கு உயிர்நாடி கணக்கேயாகும். முன்னாளில் அது பேரேடாகவும் ரொக்கப் புத்தகமாகவும் அலமாரியில் இருந்தது. இன்று பெரும்பாலும் கணிப்பொறிக்குள் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடா முதலியவை இவ்வாறே பதிவாகி வருகின்றன.

இக்கணிப்பொறிக்கு 'அட்மினிஸ்டிரேட்டர்' எனப்படும் நிர்வாகிக் கணக்கு ஒன்று உண்டு. அதன் திறவுசொல் ஒருவர் மனத்தில் மட்டும் இருந்து, அவர் ஓய்வு பெற்றோ, மாறுதலாகியோ, நோயுற்றோ போனால் யாது நேரும்? உப்பளங்கள் சூழ்ந்த வாலிநோக்கம் போன்ற கடற்கரைச் சிற்றூரில், தொழில் தெரிந்தவர் இராமநாதபுரத்திலிருந்து வந்து சேரும் வரை வேலை நின்றுவிடும். பயிர்க்கடன் கேட்டு வந்த விவசாயியும் கூலி பெற வந்த நெசவாளியும் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

இது சிற்றூருக்கு மட்டும் உரிய தொல்லையன்று. 2008-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகராட்சியில், கணிப்பொறி வலையமைப்பைக் காத்துவந்த ஊழியர் ஒருவர் அதன் திறவுசொற்களை மேலதிகாரிகளிடம் தர மறுத்துக் கைதானார். வலையமைப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதனைத் திருத்தியமைக்க நகராட்சியால் இயலவில்லை. முடிவில் மேயரே சிறைக்குச் சென்று அவற்றைக் கேட்டுப் பெற்றார். 2010-இல் அவ்வூழியருக்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெருநகரமாயினும், சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் கதி இதுவே.

மீட்கும் வழிகள்

தொலைந்த திறவுசொல்லைக் கணிப்பொறியிடமிருந்து கேட்டறிய இயலாது. அது திறவுசொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. மீண்டும் பழைய உருவுக்குத் திருப்ப முடியாத ஒரு குறியாக மாற்றியே வைக்கிறது. ஆகையால் புதிய திறவுசொல் இடுவதே வழி.

முதலாவதாக, அதே கணிப்பொறியில் நிர்வாகி அதிகாரமுள்ள வேறு கணக்கு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். இருந்தால் அதன்வழி நுழைந்து சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். இரண்டாவதாக, விண்டோஸ் 10, 11 ஆகிய பதிப்புகளில் கணக்கு ஏற்படுத்தியபோது மூன்று கேள்விகளுக்கு விடை பதிந்திருந்தால், தவறான திறவுசொல்லை இட்டவுடன் அக்கேள்விகளுக்கு விடையளித்துப் புதியதை இடும் வழி திரையில் தோன்றும். மூன்றாவதாக, அது மைக்ரோசாப்ட் கணக்காயின், பதிவு செய்த கைப்பேசி எண் அல்லது மின்னஞ்சலைக் கொண்டு வேறொரு கருவியிலிருந்தே மாற்றலாம்.

இம்மூன்றும் பயனளிக்காவிடில், வட்டினைக் கழற்றி வேறு கணிப்பொறியில் இணைத்துக் கோப்புகளை நகலெடுத்தல் வேண்டும். அதன் பின்னரே விண்டோஸைப் புதிதாக நிறுவுதல் முறை. இங்கே ஓர் எச்சரிக்கை. வட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவை. அவ்வெண்ணும் தொலைந்துபோனால் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரும் திறந்து தர இயலாது; வேறிடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தால் மட்டுமே கணக்கு மீளும். கணக்குகள் சங்கத்துக்கு வெளியே மைய இயந்திரத்தில் சேமிக்கப்படுமாயின் அவை பாதுகாப்பாகவே இருக்கும். வேறொரு கணிப்பொறியிலிருந்து வேலையைத் தொடரலாம்.

எந்த வழியைக் கைக்கொள்வதாயினும், தலைவரின் எழுத்து மூலமான அனுமதியும் வருகைப் பதிவும் அவசியம். உரியவர் அனுமதியின்றிக் கணிப்பொறியில் நுழைதல் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமாகும். "இலவசமாகத் திறந்து தருகிறோம்" என்று தொலைபேசியில் அழைப்பவரை நம்பலாகாது. மோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணில் உடனே முறையிடலாம்.

வருமுன் காத்தல்

நகைக்கடன் பெட்டகத்தை இரட்டைப் பூட்டிட்டு, இருவர் பொறுப்பில் வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அந்நெறியையே இங்கும் கொள்வோமாக. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று; நிர்வாகிக் கணக்குகள் இரண்டு, இருவர் பொறுப்பில். அவற்றின் திறவுசொற்களையும் மீட்பு எண்ணையும் தாளில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரையுடனும் இரு கையொப்பங்களுடனும் பெட்டகத்தில் வைத்தல் வேண்டும். பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தோடு இவ்வுறையும் ஒப்படைப்புப் பட்டியலில் ஏறவேண்டும். புதியவர் உடனே திறவுசொல்லை மாற்றிப் புது உறை வைத்தல் வேண்டும். வாரந்தோறும் கணக்கின் நகலை வேறொரு வட்டில் எடுத்து, தனியிடத்தில் காத்தலும் நலம்.

இதற்காகும் செலவு ஓர் உறையும் சிறிது அரக்குமே. கணக்கு தனி மனிதருடையதன்று. அங்கத்தினர் அனைவருடைய உடைமை. ஆகவே, "நம் சங்கத்தில் அந்த உறை இருக்கிறதா?" என்று அடுத்த கூட்டத்தில் கேட்பது ஒவ்வோர் அங்கத்தினரின் உரிமை, கடமையும் ஆகும்.